நன்காடு என்னும் சொல்லும் நம் ஆற்று நீரும்

தகுதி வழக்கு மூன்று வகைப்படும் என்பதை நன்னூல் பயின்றோர் அறிவர். அவையில் நேரே சொல்லக் கூசும் ஒன்றை வேறு சொல்லால் மறைத்துச் சொல்லுவது இடக்கரடக்கல். மங்கலமல்லாத ஒன்றை மங்கலமாக மாற்றிச் சொல்லுவது மங்கலம். சுடுகாட்டை நன்காடு என்பது இதற்குப் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்புவிக்கும் உதாரணம். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கும்படி வைத்துக்கொள்ளும் சொல் குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது போல. நாகரிகம் கருதியும் தொழில் கருதியும் தோன்றிய இவற்றில் குற்றம் ஒன்றுமில்லை. ஆயின், அதிகாரமும் மூலதனமும் உடையோர் இம்மூன்றையும் ஒருங்கே ஏந்திக்கொண்டு ஒரு மலையின்மேல் ஏறுவார்களாயின், சொல்லின் இயல்பு அறிந்தவன் வாளாவிருத்தல் தகாது.

இலக்கியப் பகுதியில் சுரங்கத்துக்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். செய்யுளை ஆராய்வது மட்டுமே விமர்சனம் என்று எவரும் விதித்துவிடவில்லை. தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்க்கும் நாம் காலை முதல் மாலை வரை படிப்பவை சுற்றறிக்கைகளும் ஒப்பந்தங்களுமே. நல்லதொரு நாவல் ஒருவனுடைய மனத்தை மாற்றக்கூடும். ஒரு சுற்றறிக்கையோ நூறு குடும்பங்களின் இருப்பிடத்தையே மாற்றிவிடும். ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்ட காலத்தில் நம்மிடம் வந்த சொல் 'மேம்பாடு' என்பது. அச்சொல்லுக்கு லயத்தைக் காலி செய்தல் என்று பொருள் எந்த அகராதியிலும் இல்லை. ஆனால் லயத்தில் இருந்தவர்கள் அப்பொருளையே அனுபவித்தார்கள். ஆகவே, நம்மை ஆளும் சொற்களையும் ஆராய்தல் விமர்சகன் கடமையேயாம்.

விஷயத்துக்கு வருவோம். நிலக்கரியையும் பெட்ரோலையும் எரித்துக் காற்றைக் கெடுத்தது போதும், இனி மின்சாரக் காரும் காற்றாலையும் மின்கலமும் உலகை நடத்தட்டும் என்று தேசங்கள் பலவும் தீர்மானித்துள்ளன. மின்கலத்துக்கு லித்தியம் வேண்டும். கார் மோட்டாரிலும் பெரிய காற்றாலையிலும் பொருத்தும் வலிய காந்தத்துக்கு நியோடிமியம், பிரசியோடிமியம் என்பவை வேண்டும். அக்காந்தம் சூட்டிலும் வலிமை குன்றாதிருக்க டிஸ்புரோசியம், டெர்பியம் என்பவை வேண்டும். பின்னே சொன்ன நான்கும் அவற்றின் இனத்தவையும் 'அரிய மண்' என்று வழங்கப்பெறுகின்றன. மலாய்ப் பத்திரிகைகளில் 'நாடிர் பூமி' என்று காண்பது இதுவே.

லித்தியத்தின் பொருட்டுச் செர்பியா நாட்டின் யாடார் பள்ளத்தாக்கில் உழவர்கள் எழுந்தார்கள். கிளர்ச்சியின் பயனாக 2022 ஜனவரியில் அந்நாட்டு அரசாங்கம் ரியோ டின்டோ கம்பெனிக்குத் தந்த அனுமதிகளை ரத்துச் செய்தது. 2024 ஜூலையில் அத்திட்டத்துக்கு மறுபடியும் உயிர் கொடுத்தது. ஆகஸ்டு மாதம் தலைநகராகிய பெல்கிரேடில் பல்லாயிரவர் தெருவில் இறங்கினர். கடல் கடந்த அக்கதை, அரிய மண் என்னும் பெயரில் நம் வாசலுக்கும் வந்திருக்கிறது. மலேசியாவில் ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சம் டன் அரிய மண் உண்டு என்று கனிமவள இலாகா மதிப்பிட்டுள்ளது. பேராக்கில் கெனெரிங் என்னுமிடத்தில் முன்னோடிச் சுரங்கம் தோண்டப்பட்டது. 2024 ஜனவரி முதல், பதப்படுத்தாத அரிய மண்ணை ஏற்றுமதி செய்வதற்குத் தடை வந்தது. நம் கெடாவிலோ, சீக் மாவட்டத்துக் காட்டில் அரிய மண் களவாக எடுக்கப்பட்டதாக எழுந்த புகாரை 2023-ஆம் ஆண்டில் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரித்தது, கைதுகளும் நடந்தன. அனுமதியுடன் எடுப்பதா, அனுமதியின்றி எடுப்பதா, பங்கு யாருக்கு எவ்வளவு என்பனவே அப்போது பெரும்பேச்சாக இருந்தன. எடுத்தபின் மலை என்னாகும், ஆறு என்னாகும் என்ற பேச்சு, சஹாபாட் ஆலாம் மலேசியா போன்ற இயக்கத்தார் சிலரோடு நின்றுபோயிற்று.

இனி, சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். முதலாவது மங்கலம். 'பசுமை' என்பதே அச்சொல். தமிழனுக்குப் பசுமை என்றால் பயிர், தழை, ஈரம். இன்றோ காட்டை வெட்டி மலையைத் துளையிட்டு எடுக்கும் பொருளுக்கும் பசுமை என்றே பெயர். கார் ஓடும் நகரத்தில் புகையில்லை என்பது மெய்யே. ஆகவே அங்குள்ளோர்க்கு அது பசுமைதான். மண் எடுக்கப்பட்ட இடத்தில் அதே பொருளுக்கு வேறு நிறம். ஒரு சொல் ஓரிடத்துக்கு மட்டும் உண்மையாயிருந்து, இரண்டிடத்துக்கும் சேர்த்து வழங்கப்படுமாயின், அது நன்காடு என்னும் வகையைச் சேர்ந்ததேயாம்.

இதை நமக்கு எவரும் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை. நம் முன்னோர் கெடாவுக்கு வந்த வரலாறே ஒரு மோட்டார் கார் வரலாறுதான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கார்கள் பெருகின. அவற்றின் சக்கரங்களுக்கு ரப்பர் வேண்டியிருந்தது. 1910-இல் ரப்பர் விலை உச்சிக்கு ஏறியது. 1909-இல் சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷார் செல்வாக்குக்குள் வந்த இந்நாட்டில் காடுகள் தோட்டங்களாயின. கூலிம், பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரங்களுக்குத் தமிழர் கப்பலேறி வந்தனர். அன்று கார் என்பதற்கு 'நாகரிகம்' என்று பெயர். அந்த நாகரிகத்தில் மலேரியாவும் லயமும் நம் பங்காக இருந்தன. காரோ வேறொருவர் பங்காக இருந்தது. இப்பொழுது மறுபடியும் ஒரு கார் வருகிறது. அதன் சக்கரத்துக்கு நம் பாட்டன் பால் வெட்டினான். அதன் காந்தத்துக்கு நம் மலையைக் கேட்கிறார்கள். பெயர் நாகரிகத்திலிருந்து பசுமைக்கு மாறியிருக்கிறது. பங்கீடு மாறியிருக்கிறதா என்பதே நாம் கேட்கும் கேள்வி.

இரண்டாவது இடக்கரடக்கல். 'எச்சம்' என்பது அச்சொல். கழிவு என்று சொல்லக் கூசுமிடத்தில் எச்சம் என்று எழுதுவது கம்பெனிகளின் மரபாகியுள்ளது. இச்சொல்லின் முழுப் பொருளையும் அறிந்த ஊர் ஒன்று நமக்கு அண்மையிலேயே உண்டு. ஈப்போவுக்குப் பக்கத்தில் புக்கிட் மேரா என்னும் ஊரில் ஏஷியன் ரேர் எர்த் என்ற தொழிற்சாலை 1982-இல் இயங்கத் தொடங்கியது. ஜப்பானிய மிட்சுபிஷி கெமிக்கல் அதில் பங்குதாரர். ஈயலம்பங்களில் ஈயம் எடுத்தபின் கிடக்கும் 'அமாங்' மணலில் மோனசைட் என்னும் தாது உண்டு. அதிலிருந்து அரிய மண்ணைப் பிரித்தெடுத்தால் தோரியம் மிஞ்சும். தோரியம் கதிர் வீசும் பொருள். அதன் வீரியம் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் ஆகும் என்பர் விஞ்ஞானிகள். அத்தகையதற்கு எச்சம் என்று பெயர்!

அவ்வெச்சத்தைப் புதைக்கப் பாப்பான் என்னும் ஊரைத் தேர்ந்தபோது 1984-இல் அவ்வூரார் மறித்தனர். 1985-இல் புக்கிட் மேரா வாசிகள் எண்மர் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அவ்வாண்டு அக்டோபரில் தடையுத்தரவும் பெற்றனர். 1987-இல் தொழிற்சாலை மீண்டும் இயங்கியது. ஊரார் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போயினர். அதே ஆண்டு அக்டோபரில் 'ஓப்பராசி லாலாங்' என்ற பெயரில் நடந்த கைதுகளில் இப்போராட்டத்தாரும் சிறைப்பட்டனர். அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் மீனாட்சி ராமனும் அவர்களுள் ஒருவர். 1992 ஜூலை 11-இல் உயர்நீதிமன்றம் தொழிற்சாலையை மூடுமாறு தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் மேல்நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது. ஆயினும், சட்டத்தில் வென்ற கம்பெனி 1994 ஜனவரியில் தானே கடையைக் கட்டியது. பின்னர் அவ்விடத்தைத் துப்புரவு செய்ய ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர் செலவாகும் என 2011-இல் பத்திரிகைகள் எழுதின. எச்சம் என்ற நான்கெழுத்துக்கு உரிய உரை இதுவே.

இச்சொல்லாட்சி அத்துடன் ஒழிந்ததா என்றால் இல்லை. 2012 முதல் பகாங்கின் கெபெங்கில் இயங்கும் லைனாஸ் ஆலையின் கழிவுக் குவியலுக்கும் ஆங்கிலத்தில் எச்சம் என்றே பெயர். அதன் ஒரு பகுதியை 'கொண்டிசாயில்' என்று பெயரிட்டு, நிலத்தைத் திருத்தும் சத்துப்பொருளாக்கவும் கம்பெனி முயன்றது. கழிவு எச்சமாகி, எச்சம் எருவாகும் இவ்வழகை எந்த இலக்கணக்காரரும் கனவிலும் கண்டிரார். 2012 நவம்பரில் குவாந்தானிலிருந்து கோலாலம்பூர் வரை சுமார் 300 கிலோமீட்டர், 13 நாள் கால்நடையாக வந்த மக்கள், அச்சொற்களுக்குத் தம் கால்களால் மறுப்புரை எழுதினார்கள்.

மூன்றாவது குழூஉக்குறி. 'கதிரியக்கமற்ற அரிய மண்' என்பது இன்று சர்க்கார் அறிக்கைகளில் வழங்கும் தொடர். இதை நாம் பொய்யென்று சொல்லவில்லை. மலைக் களிமண்ணில் ஒட்டிக் கிடக்கும் இவ்வகை அரிய மண்ணில், மோனசைட்டைப் பார்க்கிலும் தோரியம் மிகக் குறைவே. ஆயின் இத்தொடர் எக்கேள்விக்கு விடை என்பதை நோக்குக. புக்கிட் மேராவில் எழுந்த பழைய கேள்விக்கு அது விடை. சீக்கில் எழவேண்டிய புதிய கேள்வியை அது தொடவேயில்லை. 'கதிர் இல்லை' என்று கேட்டவுடன் 'அப்படியானால் தீங்கும் இல்லை' என்று கேட்பவன் தானே முடித்துக்கொள்கிறான். அம்முடிவைச் சொன்னவர் எவருமில்லை. ஆகவே அதற்குப் பொறுப்பாளியும் எவருமில்லை.

புதிய கேள்வி நீரைப் பற்றியது. இவ்வகை மண்ணை வெட்டி எடுப்பதினும், மலையில் வரிசையாகத் துளையிட்டு அம்மோனியம் சல்பேட் கரைசலைச் செலுத்துவதே இன்றைய முறை. நாம் செம்பனைக்கு உரமாகத் தூவும் அதே உப்புத்தான். அக்கரைசல் களிமண்ணிலுள்ள அரிய மண்ணைக் கழுவிக்கொண்டு மலையடிக்கு வர, அதைக் குட்டைகளில் தேக்கிப் படியவைத்து எடுக்கின்றனர். செலுத்தியது முழுவதும் குட்டைக்கு வந்து சேருமாயின் நன்று. வராதது எங்கே போகும்? மலைக்குள்ளிருக்கும் ஊற்றுக்குப் போகும். நீரூறிய மலை சரிதலும் உண்டு. சீனாவின் தென்பகுதியில் கான்சோ வட்டாரத்தார் இதை அனுபவித்தனர். அந்நாட்டார் சட்டத்தை இறுக்கியபின் அத்தொழில் எல்லை தாண்டிப் பர்மாவின் கச்சின் நாட்டுக்குச் சென்றது. அங்கே 2022 மார்ச்சுக்குள் 2,700-க்கு மேற்பட்ட குட்டைகள் வானிலிருந்து எடுத்த படங்களில் எண்ணப்பட்டன. 2025-இல் சயாமின் கோக் ஆற்று நீரில் அளவுக்கு மிஞ்சிய ஆர்சனிக் காணப்பட்டு, ஆற்றில் இறங்க வேண்டாமென்று மக்கள் எச்சரிக்கப்பட்டனர். மேலே பர்மாவின் சான் நாட்டில் நடக்கும் சுரங்கங்களையே பலரும் காரணமாகச் சுட்டினர். மலை ஒருவருடையது, ஆறு மற்றொருவருடையது என்று வரைபடத்தில் கோடு கிழிக்கலாம். நீர் அக்கோட்டைப் படிப்பதில்லை.

நிற்க. 'அரிய' என்னும் அடைமொழியையும் ஆராய்தல் வேண்டும். இவ்வினத்தைச் சேர்ந்த சீரியம் நிலவுலகில் ஏறத்தாழத் தாமிரத்தளவு உண்டு என்பது ரசாயனம் கற்றோர் அறிந்தது. அரிதாயிருப்பது பொருளன்று, அதைப் பிரித்தெடுக்கும்போது வரும் அழுக்கைத் தன் வாசலில் ஏற்றுக்கொள்ளும் ஊரே அரிது. அவ்வூரைத் தேடித்தான் கம்பெனிகள் நாடு நாடாகச் செல்கின்றன.

இங்கே எதிர்ப்பக்கத்தாரின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்டல் வேண்டும். 'பூமி சூடேறுகிறதே, பெட்ரோலும் நிலக்கரியும் போதும் என்று நீங்களே சொல்வீர்கள், அதற்கு மாற்றான பொருளையும் எடுக்கவிடமாட்டீர்கள் என்றால் எப்படி?' என்பது அவர்தம் வினா. சூடேறுவது மெய். மாற்று வேண்டும் என்பதும் மெய். நாம் மாற்றை மறுக்கவில்லை. மாற்றின் விலைச்சீட்டைப் படித்துக் காட்டுமாறு கேட்கிறோம். கடைக்காரன் பொருள் நல்லது என்று சொல்வதால் மட்டும் எவனும் விலை கேளாமல் வாங்குவதில்லை. எந்தக் காடு, எவ்வளவு ஏக்கர், எந்த ஊற்று, குட்டை உடைந்தால் பொறுப்பு யாருக்கு, கம்பெனி போனபின் காவல் யாருக்கு, அதற்கான பணம் முன்கூட்டியே எங்கே கட்டப்பட்டுள்ளது என்பவற்றுக்கு விடை தந்தபின் பசுமையைப் பற்றிப் பேசலாம். நீர்ப்பிடிப்புக் காட்டைத் தொடுவதில்லை என்பது அவ்விடைகளுள் முதலாவதாக இருத்தல் வேண்டும்.

'நமக்கு என்ன? சீக்கில் நமக்கு ஒரு சாண் நிலமும் இல்லையே' என்று நம்மவர் சொல்வது மற்றொரு வாதம். இதுவே நம்மை மிகவும் வருத்துவது. மூன்று தலைமுறை பிறர் நிலத்தில் உழைத்தோர்க்கு, நிலம் இல்லாதவனுக்கு நாவும் இல்லை என்ற எண்ணம் ஊறிவிட்டது. ஆயின் மூடா ஆறு எங்கிருந்து வருகிறது? உலு மூடாக் காட்டிலிருந்து. சீக் மாவட்டத்தின் ஓடைகளை வாங்கிக்கொண்டு, கோலக்கெட்டில் கடந்து, சுங்கைப்பட்டாணி வீடுகளின் குழாய்க்கு அதுவே வருகிறது. பினாங்கு மாநிலம் தன் குடிநீரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அதிலிருந்தே எடுக்கிறது. கெடாவின் நெல்வயல்களும் உலு மூடாவின் நீரையே நம்பி நிற்கின்றன. அந்நீருக்குப் பினாங்கு விலை தரவேண்டுமா என்று இரு மாநிலத்தாரும் நெடுநாளாக வழக்காடுகின்றனர். அது கெடாமல் இருக்கவேண்டுமே என்ற வழக்கை எடுப்பார் குறைவு. மேலும், 2022 ஜூலை 4-ஆம் தேதி பாலிங்கை அடுத்த குப்பாங்கில், குனோங் இனாசிலிருந்து சேறும் மரமுமாக இறங்கிய வெள்ளம் மூவர் உயிரைக் கொண்டுபோனது நமக்கு மறந்திராது. மலையில் காடழித்து நடந்த பயிர்த்தொழிலையே அப்பொழுது பலர் காரணமாகக் காட்டினர். அவ்வெள்ளம் எவரிடமும் நிலப்பட்டா கேட்டு வரவில்லை. நீரைக் குடிப்பவனுக்கு அந்நீரைப் பற்றிக் கேட்கும் உரிமை உண்டு. அதற்கு வேறு பத்திரம் வேண்டியதில்லை.

கேட்டால் மட்டும் கிடைத்துவிடுமா என்பார்க்கு மதுரை ஜில்லா அரிட்டாபட்டியைக் காட்டுவோம். 2024 நவம்பரில் மேலூர் வட்டாரத்து நிலம் டங்ஸ்டன் எடுப்பதற்காக ஹிந்துஸ்தான் சிங்க் கம்பெனிக்கு ஏலத்தில் ஒதுக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. 'நாட்டுக்கு இன்றியமையாத கனிமம்' என்பது அங்கே வந்த சொல். ஊரார் அச்சொல்லுக்கு எதிராக வேறொரு பெருஞ்சொல்லைத் தேடவில்லை. தம் ஊரில் இருப்பவற்றை எண்ணிக் காட்டினார்கள்: 7 குன்றுகள், 72 ஏரிகள், 200 சுனைகள், சமணர் படுக்கை, ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட தமிழிக் கல்வெட்டு. 2022-இல் சர்க்காரே அதைப் பல்லுயிர் மரபுத் தலம் என்று அறிவித்திருந்ததையும் நினைவூட்டினார்கள். டிசம்பரில் தமிழ்நாட்டுச் சட்டசபை எதிர்த்துத் தீர்மானித்தது. 2025 ஜனவரியில் பல்லாயிரவர் மதுரைக்கு ஊர்வலம் வந்தனர். அம்மாதம் 23-ஆம் தேதி மத்திய சர்க்கார் ஏலத்தை ரத்துச் செய்தது. மங்கலச் சொல்லுக்கு மாற்று மருந்து ஊர்ப்பெயரும் எண்ணிக்கையுமே என்பதை அவ்வூரார் நிறுவிவிட்டார்கள். அவர்களும் இலக்கணம் படித்து இதைச் செய்யவில்லை. தம் சுனையின் பெயர் அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவே.

நம்மவர்க்கும் இது புதிய கலையன்று. 1947-இல் பீடோங் வட்டாரத்துத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை முன்னே மறியல் செய்தபோது, கள்ளைக் கள் என்றும் கூலியைக் கூலி என்றும் வெளிப்படையாகப் பேசியே தம் கூட்டத்தைச் சேர்த்தார்கள். இன்று வேண்டுவதும் அத்தகைய பேச்சே. 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் இத்தகைய திட்டங்களுக்குப் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கை எழுதப்பெறுகிறது. பொதுமக்கள் கருத்துக்கும் வைக்கப்படுகிறது. அவ்வறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம். தோட்டத்துத் தாயொருத்தி அறியும் மொழியில் அதில் ஒரு பக்கமும் இராது. ஆங்கிலமும் மலாயும் படித்துக் கிராணிகளாகவும் ஆசிரியர்களாகவும் இருக்கும் நம்மனோர்க்கு அங்கேதான் வேலை இருக்கிறது. இதுகாறும் நம் படிப்பு, மேலிருந்து வரும் உத்தரவைக் கீழே மொழிபெயர்த்துச் சொல்லப் பயன்பட்டது. கீழிருந்து எழும் கேள்வியை மேலே கொண்டுபோகவும் அப்படிப்பு உதவட்டும்.

அறிக்கை வரும்போது நாலு பேர் கூடுக. எச்சம் என்று எழுதியிருக்குமிடத்தில் கழிவு என்று வாசிக்க. பசுமை என்று எழுதியிருக்குமிடத்தில் எவருக்கு, எவ்விடத்தில் என்று வினவுக. கதிரியக்கமற்றது என்று எழுதியிருக்குமிடத்தில் உப்பு எத்தனை டன், ஓடை எத்தனை அடி தூரம் என்று எழுதிக் கேட்க. கோயில் கமிட்டியிலும் சங்கக் கூட்டத்திலும் அதைச் சாதாரணத் தமிழில் படித்துக் காட்டுக. மலாய்க்காரக் கம்பத்தாரும் சீன வியாபாரியும் அதே குழாய் நீரைக் குடிப்பவர்களாதலால் அவர்களையும் உடன் சேர்த்துக்கொள்க. சீக் மலைக்கு என்ன பெயர் சூட்டப்போகிறார்கள் என்பது இன்னும் தீர்ந்துபோன விஷயமன்று. அது தீருமுன்னே, மூடா ஆற்று நீர் குடிக்கும் தமிழர் ஒவ்வொருவரும் தம் கேள்வியைப் பதிவு செய்வார்களாக.